பதினாலாவது வீடு

ஏஞ்சலினுக்குப் பொய் சொல்ல வராது என்று அந்தோணியார் காலனியில் யாரும் சொல்லமாட்டார்கள். அவளுக்குப் பொய் சொல்ல நேரம் ஏது என்றுதான் கேட்பார்கள். காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி வேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள்ளே ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் மடிப்பு லைன், எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வேலை. திரும்பி வந்தால் சமையல், அதற்கு மேல் அன்பிய வேலை. அன்பியம் என்றால், ஒரு கோயில் பங்கில் இருபது இருபத்தைந்து கத்தோலிக்க வீடுகளை ஒரு கூட்டமாகச் சேர்த்து வைப்பது. வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வார்கள், யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் போய்ப் பார்ப்பார்கள், கல்யாணம் என்றால் காய் நறுக்குவார்கள். காலனியின் இருபத்திரண்டு வீட்டுக்கும் ஏஞ்சலின்தான் பொறுப்பாளர். ஒன்பது வருஷமாக அவள்தான். வேறு யாராவது செய்யட்டுமே என்று அவளே இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

பிறந்தது ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். நைனாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எட்வர்டைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அவனுக்கு இரும்பு மில்லில் வேலை. வந்த மறு வருஷமே அவளும் கம்பெனிக்குப் போய்விட்டாள். அங்கே கற்றுக்கொண்ட பழக்கம், எதற்கும் லிஸ்ட் போடுவது. யார் பாய் கொண்டுவருவது, யார் பாட்டு எடுப்பது, யார் வீட்டில் மாமியாருக்கு முட்டி வலி, எல்லாம் அவள் நோட்டில் இருக்கும். மூக்கு நுனியில் கோபம் உண்டு. அடுப்பு எரியாத வீட்டுக்கு முதலில் சோறு அனுப்புகிறவளும் அவளேதான். அவளைக் கண்டாலே ஆகாதவர்கள்கூட அவள் இல்லாமல் காலனியில் ஒரு காரியமும் நகராது என்று ஒத்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவள் இரண்டு பொய் சொன்னாள். ஒன்று மூன்று வார்த்தை, இன்னொன்று ஒரே வார்த்தை. அவ்வளவுதான் அவள் கதை. மீதி எல்லாம் அந்த நாலு வார்த்தையைத் திரும்ப எடுக்க அவள் பட்ட பாடு.

அது இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதம், கொரோனாவின் இரண்டாவது அலை. மே என்றால் மாதா வணக்க மாதம். மற்ற வருஷங்களில் அன்பியத்து மாதா சுரூபத்தை, அந்தச் சின்னச் சிலையை, தினம் ஒரு வீட்டுக்குக் கூட்டமாகப் பாட்டுப் பாடித் தூக்கிப் போவார்கள். அங்கே ஜெபமாலை, சுண்டல், ஒரே அமர்க்களம். மறுநாள் மாலை வரை மாதா அந்த வீட்டிலேயே தங்கும். அந்த வருஷம் கோயிலே பூட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை போனில் வந்தது. தீர்த்தத் தொட்டி காய்ந்து அதில் பல்லி முட்டையிட்டிருந்தது.

பங்குச் சாமியார் ஃபாதர் ஸ்டீவன் பேச்சில் சிக்கனக்காரர். எல்லா அன்பியத்துப் பொறுப்பாளர்களையும் கோயில் மைதானத்து வேப்பமரத்தடியில் தள்ளித் தள்ளி நிற்கவைத்து அன்றைக்கு மட்டும் கொஞ்சம் அதிகம் பேசினார்.

"ஜனங்க போக வேணாம், மாதா மட்டும் வீடு வீடா போகட்டும். ஒரே ஆள் தூக்கிட்டுப் போங்க. வீட்டுக்காரங்க உள்ள இருந்து ஜெபிக்கட்டும், மத்தவங்க போன்ல சேரட்டும். நோய் வந்த வீடா இருந்தா உள்ள குடுக்காதீங்க. வாசல்ல வெச்சிட்டு, ரோட்டுல தள்ளி நின்னு ஒரு பத்து மணி சொல்லிட்டு எடுத்துட்டு வந்துடுங்க. நாலு நிமிஷம் ஆகும். ஆனா எந்த வீட்டையும் தாண்டிப் போயிடாதீங்க. முக்கியமா அந்த வீட்ட."

பத்து மணி என்றால் ஜெபமாலையில் பத்து மணிகளை உருட்டி, மாதாவுக்கான ஜெபத்தைப் பத்து முறை சொல்வது. ஏஞ்சலின் இதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். நாலு நிமிஷம் என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

கைக்குக் கை மாற்றாமல் சுரூபத்தை எப்படிக் கொடுப்பது என்ற சிக்கலை அவிழ்த்தவன் மோசஸ். காலனியின் கடைசித் தெருவில் இருந்தான், வெல்டர். சிரித்த முகம். ஏஞ்சலினை அக்கா என்றுதான் கூப்பிடுவான். மிச்சம் மீதி ஆங்கிள் கம்பிகளைக் கொண்டு, இடுப்பு உயரத்துக்கு ஒரு மடக்கு ஸ்டாண்டு செய்து, நீலப் பெயின்ட் அடித்து, தானே தூக்கிக்கொண்டு வந்து தந்தான்.

"நீ இத்த கேட்டாண்ட விரிச்சி மாதாவ வெச்சிட்டு எட்டப் போயி நின்னுக்கோக்கா. ஊட்டுக்காரங்க வந்து எடுத்துப்பாங்க. கீலு மட்டும் கொஞ்சம் கிறீச்சுங்குது. ரெண்டு சொட்டு எண்ணெ வுட்டா செரியாப்பூடும்."

அவள் எண்ணெய் விடவில்லை, மறந்துபோனாள். அந்தச் சத்தம் கேட்டே வீட்டுக்காரர்கள் மாதா வந்தாச்சு என்று வெளியே வரப் பழகிவிட்டார்கள், அதனால் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பதின்மூன்று வீடு நல்லபடியாக முடிந்தது. போன் ஜெபம்தான் ஒரே பேஜாரு. யார் வீட்டுக் குக்கரோ விசில் அடிக்கும், ஒருவர் ஐந்தாம் மணியில் இருந்தால் இன்னொருவர் எட்டில் இருப்பார், ஏஞ்சலின் அதட்டி எல்லாரையும் ஆறாம் மணிக்குக் கொண்டுவருவாள். சிரிப்பும் இருந்தது அந்த நாட்களில், இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

பதினாலாவது வீடு மோசஸ் வீடு. அவன் முறை வருவதற்கு மூன்று நாள் முன்பு அவனுக்குக் காய்ச்சல் கண்டது. டெஸ்டில் பாசிட்டிவ். பேரூராட்சி ஆட்கள் வந்து கதவில் ஸ்டிக்கர் ஒட்டி, வாசலில் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். அவன் மனைவி ஹெலன் மட்டும்தான் கூட. பிள்ளை இல்லாத வீடு.

ஏஞ்சலின் முதலில் நினைத்தது எட்வர்டை. எட்வர்டுக்கு இரண்டு வருஷம் முன்புதான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். சர்க்கரை வேறு. அந்த வாரம் மட்டும் அவன் மில்லில் மூன்று பேர் போயிருந்தார்கள். அன்று மதியம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே அவன் சொன்னான்.

"இன்னிக்கி மோசஸ் ஊடு இல்ல? அங்க போயிட்டு நீ இங்க வர்றதா இருந்தா நான் மில்லுலயே படுத்துக்கறேன்."

"ரோட்டுல நின்னு சொல்லிட்டு வரப்போறேன். நாலு நிமிசம்."

"நாலு நிமிசத்துல ஒட்டாதுன்னு அது உன்னாண்ட வந்து சொல்லிச்சா?"

பின்னால் பலமுறை அவள் பழியைத் தூக்கி எட்வர்டு தலையில் வைத்துப் பார்த்தாள். அது அங்கே நிற்கவில்லை. அவன் போகாதே என்றான், வாஸ்தவம். பொய் சொல் என்று அவன் சொல்லவில்லையே.

நாலு மணிக்கு ஹெலனுக்குப் போன் செய்தாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஹெலன் ஒரு வார்த்தை கோபித்திருக்கமாட்டாள். ஆனால் ஒன்பது வருஷப் பொறுப்பாளர், எல்லாரையும் அதட்டுகிறவள், பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வாள்? கௌரவம் விடவில்லை. பாசிட்டிவ் வந்த வீட்டுக்கு மாதாவை எடுத்துப் போவதைப் பற்றி ஏதோ மென்று முழுங்கியவள், நாக்குக் கூசாமல் சொன்னாள்.

"ஃபாதர் வேணாம்னு சொல்லிட்டாரு."

ஹெலன் குரலை இறக்கிக் கேட்டாள்.

"வாசல்லயே வெச்சாக்கூடவாக்கா? இவரு ஜன்னலாண்ட நாற்காலி போட்டுக்கினு உக்காந்துகினு இருக்கறாரு."

"இன்னா பண்றது ஹெலன். சொல்லிட்டாரு."

"செரிக்கா. ஃபாதரே சொல்லிட்டா அப்புறம் இன்னா. நீ பத்தரமா இரு."

அந்த "பத்தரமா இரு"தான் அவளைக் கடைசிவரை தின்றது.

ஐந்தரை மணிக்கு மாதாவை இடுப்பில் அணைத்துக்கொண்டு, ஸ்டாண்டை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு, கடைசித் தெரு வழியாகப் போகாமல் சாக்கடைச் சந்துக்குள் நுழைந்தாள். மூக்கைப் பொத்தவும் கை இல்லை. பன்றி ஒன்று மிரண்டு ஓடியது. ஸ்டாண்டு சுவரில் இடித்துச் சத்தம் போடக்கூடாதே என்று உடம்போடு இறுக்கிப் பிடித்தாள். அதைச் செய்தவன் வீட்டுப் பின்பக்கமாகவே அதைத் திருட்டுத்தனமாகத் தூக்கிக்கொண்டு போய், பதினைந்தாவது வீட்டு வாசலில் விரித்தாள்.

ஏழு மணிக்கு ஃபாதர் எல்லாப் பொறுப்பாளருக்கும் போன் போட்டு விசாரிப்பது வழக்கம்.

"மோசஸ் வீட்டு வாசல்ல நின்னீங்களாம்மா?"

"நின்னேன்."

"நல்லதும்மா. அவருக்கு ஒரு தைரியமா இருக்கும்."

மூன்றாம் நாள் மோசஸுக்கு மூச்சு வாங்கி நூற்றியெட்டில் ஏற்றிப் போனார்கள். ஆறாம் நாள் செத்துப்போனான். பிளாஸ்டிக் உறையில் சுற்றி வந்த உடம்பைக் கோயிலுக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. கல்லறைக்கு நேரே போனது. வெள்ளை உடுப்பு மாட்டிய நாலு பேர் இறக்கினார்கள். ஃபாதரும் அதே உடுப்பில் இருந்ததால் யார் சாமியார் என்றே தெரியவில்லை; ஜெபம் வந்த குரலை வைத்துத்தான் தெரிந்தது. ஏஞ்சலின் கல்லறைக் கேட்டுக்கு வெளியே நின்றாள். நாலு நிமிஷம் நின்றிருந்தால் மோசஸ் பிழைத்திருப்பான் என்று நினைக்கிற அளவுக்கு அவள் பைத்தியக்காரி இல்லை. ஆனால் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அவளுக்கும் எட்வர்டுக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று சில நாள் தோன்றியது.

ஜூலையில் கோயிலைத் திறந்தார்கள். பெஞ்சுகளை எடுத்துவிட்டுத் தரையில் மஞ்சள் பெயின்டில் குறி போட்டிருந்தார்கள், குறிக்கு ஒரு ஆள். நற்கருணை அப்பத்தைக் கையில் மட்டும் வாங்க வேண்டும். சமாதானம் சொல்லும்போது கைகுலுக்காமல் கும்பிட வேண்டும். கூட்டம் சேராமல் இருக்க வாரம் இத்தனை வீடு என்று டோக்கன். டோக்கன் கொடுப்பதும் பொறுப்பாளர் வேலைதான். ஹெலன் வீட்டுக்கு ஏஞ்சலின் போய் நின்றாள். கதவில் ஸ்டிக்கரைக் கிழித்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

"எனுக்கு வேணாம்கா. வேற யாருக்கனா குடு."

"பூசைக்கு வராம எப்படி ஹெலன்?"

"அந்தச் சாமியாரு மூஞ்சியில முழிக்க எனுக்கு இஷ்டம் இல்ல. இத்தினி ஊட்டுக்குப் போன மாதா எங்க ஊட்டு வாசல்ல மட்டும் நிக்கக் கூடாதுன்னுட்டாரு இல்ல? உன் மேல ஒண்ணும் இல்லக்கா. அவரு சொன்னா நீ இன்னா பண்ணுவ." என்று சொல்லிவிட்டு, "டீ குடிக்கிறியா?" என்று கேட்டாள்.

ஏஞ்சலின் டீயைக் குடித்தாள். ஹெலன் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள், ஒன்றும் காதில் ஏறவில்லை. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் கம்பெனி வேனில் ஈஸ்வரி ஏஞ்சலின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஹெலன் வீட்டுக்கு எதிர் வீடு, அதே மடிப்பு லைனில் வேலை. அவர்கள் வீட்டில் கும்பிடுவது அங்காளம்மன். ஆனாலும் மாதா வரும் நாளெல்லாம் ஈஸ்வரிக்குத் தெரியும், சுண்டல் அவளுக்கும் ஒரு பங்கு போகும்.

"கேக்கணும்னே இருந்தேன்க்கா. அன்னிக்கி ஹெலன் வாசலுல கோலம் போட்டு, வெள்ளத் துணி விரிச்சி, மெழுகுவத்தி ஏத்தி வெச்சிக்கினு இருந்திச்சி. அப்பால யாரோ போன்ல கூப்டாங்க போல. துணிய மட்டும் எடுத்துகினு உள்ள போயிடிச்சி. வத்திய அணைக்கல. அது தானா எரிஞ்சி முடிஞ்சிது. ஏன்க்கா, சாமி வர்லியா அன்னிக்கி?"

"வர்ல" என்றாள் ஏஞ்சலின். அன்று லைனில் மூன்று பெட்டியைத் தலைகீழாக மடித்து, பதினாறு வருஷத்தில் முதல் முறையாக சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினாள்.

தூக்கம் போயிற்று. ஜெபமாலையைக் கையில் எடுத்தால் பதினாலாவது மணியில் விரல் நின்றுவிடும். எட்வர்டு ஒன்றும் தெரியாதவனாக, உனக்கு பிரஷர் இருக்குமோ பார்த்துக்கொள் என்றான். அவளுக்கு வந்தது பிரஷர் இல்லை. ஒரு நாள் சொன்ன பொய் ஒரு நாளோடு போயிருந்தால் சகித்திருப்பாள். இது தினமும் வேலை செய்துகொண்டிருந்தது. ஹெலன் கோயிலை விட்டு நின்றது அதனால். காலனியில் நாலு பேர் ஃபாதரைப் பற்றிக் கல்நெஞ்சர் என்று பேசியது அதனால். பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. மோசஸ் வீட்டு வாசலில் ஏஞ்சலின் நின்றாள் என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் கடைசியில், கல்லறைத் திருநாளுக்கு முன்னால் எல்லாரும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அதாவது செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அதற்கான பழைய மரக் கூண்டைப் பூட்டிவிட்டு மைதானத்தில் ஆறடி இடைவெளியில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றில் முகக்கவசத்தோடு ஃபாதர். வரிசை எட்டத்தில், கொடிமரத்தாண்டை.

ஏஞ்சலின் கெட்டிக்காரி. இங்கேயும் யோசித்துத்தான் வந்தாள். ஹெலனிடம் போய்ச் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. சாமியாரிடம் சொன்னால் கடவுளிடம் சொன்னதாகிவிடும். ஃபாதருக்கும் உண்மை தெரிந்துவிடும். விஷயமும் வெளியே போகாது, ஏனென்றால் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் கழுத்தே போனாலும் வெளியே விடக்கூடாது. வாயால் மட்டும் இல்லை, ஜாடையால்கூட. ஒரே நடையில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். சாக்கடைச் சந்தைக்கூட விடவில்லை. 

"அந்தம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லிடறது நல்லதும்மா" என்றார். "நான் கட்டாயப்படுத்த முடியாது. ஆனா நல்லது." பிறகு பாவமன்னிப்பு கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பூரி சுட்டாள். எட்வர்டு ஆச்சரியமாகப் பார்த்தான். அவளே ஆறு பூரி தின்றாள். ஐந்து மாதத்தில் அன்று மத்தியானம்தான் கண்ணயர்ந்தாள். ஹெலனிடம் சொல்வதற்கு என்ன அவசரம், திருநாள் முடியட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

நவம்பர் இரண்டாம் தேதி ஒரே மழை. கல்லறை முழுக்கச் சேறு. கூட்டம் சேரக்கூடாது என்று அன்பியத்துக்கு அரை மணி நேரம் என்று பிரித்திருந்தார்கள். அவரவர் அவரவர் கல்லறையாண்டை குடையோடு நிற்க வேண்டும், ஃபாதர் வரிசையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே போவார். தீர்த்த பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் நடந்தது ஏஞ்சலின்.

மோசஸ் கல்லறை புதியது, மண் மேடுதான். மேலே செவ்வந்தி போட்டிருந்தது. ஹெலன் குடை இல்லாமல் நின்றிருந்தாள். ஃபாதர் தெளிக்கக் கையை ஓங்கியபோது அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"இங்க வேணாம்" என்றாள். சத்தம் போடவில்லை. ஆனாலும் பக்கத்துக் கல்லறைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவரு உசுரோட இருந்தப்ப எங்க ஊட்டு வாசல்ல மாதாவ வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. அந்த ஸ்டாண்டு செஞ்சி குடுத்ததே அவருதான். வாசல்ல, ரோட்டுல, எங்கனா தள்ளி வெச்சிருந்தாக்கூட ஜன்னல்ல பாத்திருப்பாரு. இப்ப மண்ணுக்கு இன்னாத்துக்கு ஃபாதர் தண்ணி?"

ஏஞ்சலின் ஃபாதர் முகத்தைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். நான் அப்படிச் சொல்லவே இல்லையம்மா என்று ஒரு வார்த்தை. அது போதும்.

அவர் சொல்லவில்லை. ஓங்கிய கையை மெதுவாக இறக்கினார். கண்ணாடி மேல் மழைத் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. ஏஞ்சலின் பக்கம் திரும்பக்கூட இல்லை, தவறிக்கூட அவள் பக்கம் கண் போகக்கூடாது என்று கழுத்தை விறைப்பாக வைத்திருந்தார்.

"மன்னிச்சிடும்மா" என்றார் ஹெலனிடம்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. நான் சொல்லவில்லை என்று அவர் மறுத்தால் அடுத்த நொடி ஹெலன் அவளைத்தான் பார்ப்பாள். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவளைச் சாமியார் காட்டிக்கொடுத்ததாகிவிடும். மூன்று நாள் முன்புவரை அவர் தாராளமாக உண்மையைச் சொல்லியிருக்கலாம். இப்போது முடியாது. அவர் வாயைத் தைத்தது அவள்தான். பாரம் இறங்கிற்று என்று பூரி சுட்டுத் தின்றாளே, அந்தப் பாரம் எங்கே போய் ஏறியது என்று யோசித்தாளா? சீ, என்ன பெண்பிள்ளை நான் என்று அவளுக்கே தன் மேல் அருவருப்பு வந்தது.

ஏஞ்சலின் ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"ஃபாதர் சொல்லல ஹெலன்."

"நீ சும்மா இருக்கா. நீ அவருக்காகப் பேசாத."

"அவரு வாசல்ல வைக்கத்தான் சொன்னாரு. உங்க ஊட்டத் தாண்டிப் போவக் கூடாதுன்னே சொன்னாரு. எனுக்கு பயம். எட்வர்டுக்கு எதுனா ஆயிடும்னு பயம். அத சொல்ல வெக்கப்பட்டுக்கினு அவரு பேர சொன்னேன். பின்னால சந்து வழியா போனேன். அவருகிட்டயும் நின்னேன்னு பொய் சொன்னேன்."

ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டார். மழை கொஞ்சம் வலுத்தது. ஹெலன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் ஏஞ்சலின் தாங்கியிருப்பாள்.

"சந்துல நீ போறத நான் பாத்தேன்க்கா" என்றாள் ஹெலன். "தண்ணி புடிக்கப் பின்பக்கம் வந்தேன். அக்காவுக்கு நம்ம ஊட்டு வாசலத் தாண்டிப் போக மனசு வர்ல, அதான் சந்துல போவுதுன்னு நெனச்சிக்கினேன். அவருகிட்டயும் அப்பிடித்தான் சொன்னேன். ஆமா, அக்கா அழுதுகினே போயிருக்கும்னு அவரு சொன்னாரு."

ஏஞ்சலினுக்குக் கால் சேற்றில் புதைந்தது. 

ஹெலன் கையை நீட்டி பக்கெட்டை வாங்கிக்கொண்டாள். "தெளிங்க ஃபாதர்" என்றாள். அவர் தெளித்தார். அடுத்த கல்லறைக்கும், அதற்கு அடுத்ததற்கும் ஹெலன்தான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அவர் கூடவே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஏஞ்சலின் வரிசை முடியும்வரை மோசஸ் கல்லறையாண்டையே நின்றிருந்தாள்.

காலனி முழுக்க ஒரே நாளில் தெரிந்துவிட்டது. பேசாமல் போனவர்கள் பேசாமல் போனார்கள். எட்வர்டு தலையில் கைவைத்துக்கொண்டு, என்கிட்டயாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றான். நோட்டையும் மாதா சுரூபத்தையும் ஸ்டாண்டையும் ஏஞ்சலின் கொண்டுபோய்க் கோயிலில் வைத்தாள். ஃபாதர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, சாப்பிட்டீங்களா என்று கேட்டார். டிசம்பரில் பொறுப்பாளராக யார் என்று கேட்டபோது ஹெலன் பெயரைச் சொன்னார்கள். அவள் சரி என்றாள். ஞாயிறு பூசைக்கு முன்வரிசைக் குறியில் உட்கார ஆரம்பித்தாள். ஏஞ்சலின் கடைசிக் குறியில். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேசலாம் என்று இரண்டு முறை ஏஞ்சலின் கிட்டப் போனாள். ஹெலன் தலையை மட்டும் அசைத்துவிட்டு நகர்ந்துவிட்டாள்.

ஜனவரியில் மூன்றாவது அலை வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கு, மறுபடியும் போனில் பூசை. இந்த முறை ஏஞ்சலினுக்கே பாசிட்டிவ். எட்வர்டை மீஞ்சூரில் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டில் தனியாகப் படுத்திருந்தாள். காய்ச்சல் பெரிதாக இல்லை. ஆனால் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஈஸ்வரி மட்டும் கேட்டில் ரசம் மாட்டிவிட்டுப் போவாள்.

மூன்றாம் நாள் மாலை ஐந்தரை இருக்கும். வாசலில் கிறீச் என்று ஒரு சத்தம். கீலில் இன்னும் யாரும் எண்ணெய் விடவில்லை. ஏஞ்சலின் எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். உட்கார நாற்காலியை இழுத்தவள், மோசஸ் அப்படி உட்கார்ந்து காத்திருந்தது நினைவுக்கு வந்து, விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கேட்டுக்கு வெளியே நீல ஸ்டாண்டு விரிந்திருந்தது. அதன் மேல் மாதா. எட்டத்தில், ரோட்டின் அந்தப் பக்கம், முகக்கவசம் போட்டுக்கொண்டு ஹெலன். ஜன்னலைப் பார்க்கவில்லை. சுரூபத்தையே பார்த்துக்கொண்டு உரக்க ஜெபத்தைத் தொடங்கினாள். முதல் பாதியை அவள் சொன்னால் மறுபாதியை வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். ஏஞ்சலினுக்கு முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் குரல் எழும்பவில்லை. ஹெலன் கொஞ்சம் நிறுத்திப் பார்த்துவிட்டு, மறுபாதியையும் தானே சொன்னாள். மூன்றாவதிலிருந்து ஏஞ்சலின் சேர்ந்துகொண்டாள்.

பத்து முடிந்ததும் ஹெலன் வந்து மாதாவை இடுப்பில் அணைத்து, ஸ்டாண்டை மடக்கி எடுத்துக்கொண்டாள். "மாத்திரய நேரத்துக்குப் போடு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, நோய் வந்த அடுத்த வீட்டைப் பார்த்து நடந்தாள்.

ஏஞ்சலின் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு நிமிஷம்தான் ஆகியிருந்தது.